உறைமண்ணின் மேல் ஓர் ஊராட்சி

சாலுயிட் ஊரில் தெருவைத் தோண்டிக் குழாய் பதிப்பதில்லை. சுமார் 1,600 பேர் வாழும் ஊர். பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், கடை, விமான ஓடுதளம் எல்லாம் உண்டு. வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். கழிப்பறையில் ஃப்ளஷ் வேலை செய்யும். ஆனால் தெருவுக்கடியில் குடிநீர்க் குழாயும் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. வருகிற தண்ணீர் லாரியில் வருகிறது. போகிற கழிவும் லாரியில்தான் போகிறது. அந்த லாரிகளை ஓட்டுவது ஊராட்சி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 55-ஆவது அட்சக்கோட்டுக்கு வடக்கே விரிந்து கிடக்கும் நிலப்பரப்புக்கு நுனாவிக் என்று பெயர். இனுயிட் மக்களின் மண். சாலுயிட் உட்படக் கடலோரமாக 14 ஊர்கள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 14,000 பேர். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை இல்லை. தெற்கே மாண்ட்ரியலுக்கும் இல்லை. விமானம், கோடையில் கப்பல், பனிக்காலத்தில் ஸ்னோமொபைல், அவ்வளவுதான். 1975-இல் இனுயிட் மக்களும் க்ரீ மக்களும் அரசுகளோடு செய்துகொண்ட ஜேம்ஸ் விரிகுடா ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1978-இல் இந்த ஊர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி இவை ஒவ்வொன்றும் ‘வடக்குக் கிராமம்’. மேயரும் உறுப்பினர்களும் மக்கள் வாக்களித்து வருகிறவர்கள். மன்றத்தின் முன் வரும் விஷயங்களைப் பார்த்தால் உலகின் எந்தச் சிற்றூரிலும் பேசுகிற விஷயங்கள்தான்: குடிநீர், கழிவுநீர், சாலை, குப்பை, வாய்க்கால், புது மனைப்பிரிவு. வித்தியாசம் ஒன்றே ஒன்று. இங்கே அத்தனை வேலையும் கடைசியில் ஒரே கணக்கில் வந்து முடியும். காலடியில் இருக்கும் மண்ணுக்குள் எவ்வளவு வெப்பம் இறங்குகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கு.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது சுழியம் டிகிரிக்கு மேல் ஏறாத நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட், அதாவது உறைநிலம், என்கிறார்கள். மேல்பகுதி மட்டும் கோடையில் இளகும். குளிரில் மறுபடி இறுகும். அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணும் பனிக்கட்டியும் கலந்து கல்லாகக் கிடக்கும். அந்தக் கல்லின் மேல்தான் ஊர் நிற்கிறது.

நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்பது பள்ளிப் பாடம். அதோடு நின்றிருந்தால் பொறியாளர்கள் எளிதில் சமாளித்திருப்பார்கள். களிமண்ணில் நடப்பது அதைவிட விசித்திரமானது. களிமண் துகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் மிக மெல்லிய நீர்ப்படலம் சுழியத்துக்குக் கீழே போனாலும் சட்டென்று உறையாது. குளிர் மேலிருந்து இறங்க இறங்க, உறையும் விளிம்பு கீழே உள்ள ஈர மண்ணிலிருந்து நீரை அந்தப் படலத்தின் வழியாகத் தன் பக்கம் உறிஞ்சுகிறது. வந்த நீர் ஏற்கெனவே உறைந்ததோடு சேர்ந்து கெட்டியாகிறது. இப்படி மண்ணுக்குள் தட்டுத் தட்டாகத் தூய பனிக்கட்டி வளர்கிறது. மேலே உள்ள மண்ணைத் தூக்கிக்கொண்டே வளர்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனால், சில இடங்களில் நிலத்தின் கன அளவில் பாதிக்கும் மேல் பனிக்கட்டியாகிவிடும். பார்வைக்கு அது மண். உள்ளே பெரும்பகுதி நீர்.

சாலுயிட்டில் இதற்கு மேல் ஒரு சிக்கல். ஹட்சன் நீரிணையிலிருந்து உள்ளே நீளும் குறுகிய கடற்கழியின் ஓரத்தில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில் ஊர் இருக்கிறது. பெரும் பனிப்பாறை உருகி விலகிய காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு கடலுக்கடியில் கிடந்தது. பனிப்பாறையின் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல எழும்பியது. கடலடிக் களிமண் வெளியே வந்து உறைந்தது. அது உப்புக் களிமண். உப்பு கலந்தால் நீர் இன்னும் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். ஆகவே வெப்பமானி சுழியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே காட்டும்போதே மண்ணுக்குள் ஒரு பகுதி இளகித் தளர்ந்திருக்கும். நம்பி நிற்க முடியாத உறைநிலம் அது.

இதில் குழாய் பதித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். குழாய்க்குள் நீர் உறையாமலிருக்கச் சூடாக்கினால் சுற்றியுள்ள பனிக்கட்டி உருகி மண் சேறாகும். குழாய் தொய்ந்து உடையும். சூடாக்காவிட்டால் குழாயே உறைந்து வெடிக்கும். கனடாவின் வடமேற்கே இனுவிக் நகரத்தில் வெப்பக்காப்பு செய்த பெட்டிகளுக்குள் குழாய்களை வைத்துத் தரைக்கு மேலேயே தெருத்தெருவாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். செலவு மிகுந்த ஏற்பாடு. நுனாவிக் ஊர்கள் பெரும்பாலும் லாரியைத் தேர்ந்தெடுத்தன.

ஒரு வீட்டுக்குள் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். உள்ளே இரண்டு தொட்டிகள்: ஒன்று நல்ல தண்ணீருக்கு, இன்னொன்று கழிவுநீருக்கு. இரண்டுமே வீட்டின் கதகதப்புக்குள் இருந்தாக வேண்டும்; வெளியே வைத்தால் உறைந்துவிடும். லாரிக்காரர் தண்ணீரை ஏற்றுவதும் கழிவை உறிஞ்சுவதும் வெளிச்சுவரில் உள்ள இணைப்புகள் வழியாக. கழிவுத்தொட்டி நிரம்பிவிட்டால் வெளியே சிறு விளக்கு எரியும், வீட்டுத் தண்ணீர் மோட்டார் தானாக நின்றுபோகும். நல்ல தண்ணீர் எவ்வளவு மீதமிருந்தாலும் குழாயில் ஒரு சொட்டு வராது. கொடூரமாகத் தோன்றினாலும் சரியான ஏற்பாடு இது. நிறுத்தாவிட்டால் கழிவு வீட்டுக்குள் பொங்கும். தரைக்கடியில் வழிந்தால் உறைநிலத்தைக் கெடுக்கும்.

ஆகவே குளிப்பதும் துவைப்பதும் லாரி வருகிற நாளைப் பொறுத்தே. பனிப்புயல் வீசினால் எதிரில் இருப்பது தெரியாது, லாரி நிற்கும். புயல் ஓய்ந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் தொட்டிகள் காலியாகியிருக்கும். மருத்துவ நிலையத்துக்கு முதலிலா, பள்ளிக்கு முதலிலா, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கா? ஒரு லாரி பழுதாகி நின்றால், ஓட்டுநர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், அந்த வாரத்து ஊர்ப் பேச்சே அதுதான். உள்ளூர் எஃப்.எம். வானொலியில் இனுக்டிடுட் மொழியில் அறிவிப்பு வரும். 2025 மார்ச்சில் ஹட்சன் விரிகுடாக் கரையில் உள்ள புவிர்னிட்டுக் ஊரில், ஆற்றிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் குழாய் உறைந்துபோனது. தெருக்குழாய்கூட அல்ல, லாரிகளை நிரப்பும் இடத்துக்கு நீர் கொண்டுவரும் ஒரே ஒரு குழாய். வாரக்கணக்கில் அந்த ஊர் தண்ணீருக்குத் தவித்தது. உலகின் நன்னீரில் கணிசமான பங்கை வைத்திருக்கும் நாட்டில் இப்படி ஒரு தவிப்பு நேர்ந்தது வெட்கக்கேடு என்றே நினைக்கிறேன்.

உறிஞ்சிய கழிவு ஊருக்கு வெளியே ஒரு குட்டைக்குப் போகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்தே கிடக்கும். கோடையின் சில மாதங்களில் பனி இளகி, சூரியன் ஏறக்குறைய நாள் முழுக்கக் காயும்போது பாசிகளும் பாக்டீரியாக்களும் விழித்துக்கொண்டு, ஓராண்டு வேலையை அந்தக் குறுகிய காலத்தில் செய்து முடிக்கின்றன.

இந்த லாரிகளை எங்கே நிறுத்துவது? இங்கேதான் பொறியியல் உண்மையிலேயே சுவையாகிறது.

இந்த ஊர்களில் வீடுகள் தரையைத் தொடுவதில்லை. கெட்டியான ஜல்லி மேடையின் மேல் ஜாக்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் வீட்டை வைக்கிறார்கள். வீட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று ஓடும். வீட்டுக்குள் 20 டிகிரி கதகதப்பு, அடியில் மைனஸ் 25 டிகிரிக் காற்று. கீழே கசியும் வெப்பத்தையெல்லாம் காற்று வாரிக்கொண்டு போய்விடும். மண் ஒரு பக்கம் இறங்கினால் வீடு சாயும், கதவு சட்டத்தில் சிக்கும். உடனே ஜாக்கியைத் திருகி மட்டம் செய்வார்கள். ஆனால் லாரி ஷெட்டை இப்படித் தூக்கி நிறுத்த முடியுமா? பத்துப் பதினைந்து டன் எடையோடு லாரி உள்ளே வர வேண்டும். தரை கான்கிரீட்டாக மண்ணோடு இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருப்பதால் ஷெட்டைக் குளிர்காலம் முழுக்கச் சூடாகவும் வைத்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் இதே நிலை. ஊருக்கு இன்றியமையாத கட்டடங்கள்தான் அடியிலுள்ள மண்ணுக்கு மிகப் பெரிய ஆபத்து.

இதற்கு விடையாக வந்த கருவி தெர்மோசைஃபன். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, அசையும் பாகம் எதுவும் இல்லை. இரு முனையும் மூடிய இரும்புக் குழாய். உள்ளே அழுத்தத்தில் அடைத்த கார்பன் டை ஆக்சைடு, பாதி திரவமாகவும் பாதி வாயுவாகவும். குழாயின் கீழ்ப்பகுதி கட்டடத்தின் அடி மண்ணில்; மேல்பகுதி வெளியே காற்றில். குளிர்காலத்தில் வெளிக்காற்று மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும். அடியில் உள்ள திரவம் மண்ணின் வெப்பத்தை வாங்கி ஆவியாகி மேலே ஏறும். அங்கே குளிரில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிக் குழாய்ச் சுவரில் வழிந்து கீழே வரும். இது இடைவிடாமல் சுழலும். கோடையில் வெளிக்காற்று சூடானதும் மேலே வாயு குளிர்ந்து திரவமாவது நின்றுவிடும், சுழற்சியும் தானாக நின்றுவிடும். வெளியிலுள்ள வெப்பம் இந்த வழியாகக் கீழே இறங்காது. மண்ணிலிருந்து வெப்பம் வெளியேற மட்டும் வழிவிடும் குழாய் இது. அமெரிக்கப் பொறியாளர் எர்வின் லாங் 1960 வாக்கில் இதை உறைநிலத்துக்காக உருவாக்கினார். அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்ப்பாதையைத் தாங்கும் கால்களில் மட்டும் 1,20,000-க்கும் மேற்பட்ட இத்தகைய குழாய்கள் உள்ளன.

கருவியை வாங்கிவிடலாம். ஊராட்சி தன் அன்றாட வேலையில் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான் கடினம். பனி அள்ளுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் விழுந்த பனியை வண்டி தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத, நியாயமான வேலை. ஆனால் விழுந்த பனி காற்றைப் பொதிந்து வைத்திருக்கும் கம்பளி. ஓரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குவிந்தால் குளிர்காலத்துக் கடுங்குளிர் அந்த இடத்து மண்ணுக்குள் இறங்காது. சுற்றியுள்ள நிலம் எலும்பு வரை குளிரும்போது, குவியலுக்கு அடியில் உள்ள மண் குளிர்காலம் முழுக்கக் கதகதப்பாகவே இருக்கும். சில ஆண்டுகளில் சாலையோரம் இளகித் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் கோடை நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் வெயிலின் வெப்பத்தை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிறது. தாழ்வு ஆழமாகிறது, அடுத்த ஆண்டு அதில் இன்னும் அதிகப் பனி சேர்கிறது. பனியை எந்தப் பக்கம் தள்ளுவது என்று ஓட்டுநர் எடுக்கும் முடிவு பத்து ஆண்டுகள் கழித்துச் சாலையைப் பிளக்கும்.

விமான ஓடுதளங்களில் இது உயிர்ப் பிரச்சினை. நோயாளி போவதும் மருந்து வருவதும் அந்த வழியாகத்தான். உங்காவா விரிகுடாக் கரையிலுள்ள டாசியுஜாக் ஊரின் ஓடுதளத்தில் 2007-இல் இதற்கான சோதனைகளை வைத்தார்கள். ஓரச் சரிவைச் செங்குத்தாக விடாமல் நன்றாகச் சாய்த்துவிட்டால் காற்று பனியைத் தங்க விடாமல் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஒன்று. பெரிய கற்களை அடுக்கி இடைவெளிகளில் குளிர்க்காற்றைச் சுழல விடுவது இன்னொன்று. பனியைக் காற்றே துடைத்துவிட்டுப் போகும்படி மண்ணைச் சாய்க்கலாம் என்ற யோசனையின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்க்டிக் காற்றைச் சம்பளம் இல்லாத ஊராட்சிப் பணியாளாக மாற்றிவிடுகிறது அது.

மண் எச்சரிக்காமல் ஏன் சரிகிறது என்பதற்கும் இயற்பியலில் விடை உண்டு. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரிக்கு ஏற்றப் போதும். அதனால் பனிக்கட்டி நிறைந்த மண் உருகுநிலையை எட்டியதும், வெப்பம் ஆண்டுக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டே இருந்தாலும் வெப்பமானி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். உள்ளே கட்டி நீராகிக்கொண்டிருக்கும். நீர் வெளியேற வழியில்லாத களிமண்ணில், இளகிய அடுக்கு உறைந்த அடுக்கின் மேல் வழுக்கத் தயாராக இருக்கும்.

1998 செப்டம்பரில் சாலுயிட்டில் அதுதான் நடந்தது. சரிவு மிகுந்த நிலம்கூட அல்ல. நடந்து ஏறினால் மூச்சு வாங்காத மென்சரிவு. இளகிய மேல்மண் அப்படியே பெயர்ந்து கீழே வழுக்கியது. அருகில் புதிதாக எழும்பியிருந்த குடியிருப்பை நம்ப முடியாமல் போக, கட்டிய வீடுகளைப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஊரையே மாற்றிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. லவால் பல்கலைக்கழகத்தின் மிஷேல் அல்லார்ட் குழுவினர் பல ஆண்டுகள் அங்கே துளையிட்டு, மண் எடுத்து, வெப்பநிலை அளந்து வரைபடம் தயாரித்தார்கள். எங்கே பாறை, எங்கே ஜல்லி, எங்கே பனிக்கட்டி நிறைந்த களிமண், எந்தச் சரிவில் கட்டவே கூடாது என்று ஊரின் நிலம் முழுவதும் அதில் வகைபிரிக்கப்பட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மனைப்பிரிவு போடுவதற்கு முன் மன்றத்தின் மேசையில் விரிக்க வேண்டிய வரைபடமாக அது ஆகிவிட்டது. பிற நுனாவிக் ஊர்களுக்கும் அத்தகைய வரைபடங்கள் வந்துவிட்டன.

வீட்டு மேடைக்கு ஜல்லி போடுவதிலும் அவசரம் ஆகாது. மேடை அமைத்து ஓராண்டாவது விட்டுவைக்க வேண்டும். ஜல்லியும் மண்ணும் இறுகிப் படிவது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஓர் ஆண்டில் குளிர் கீழிருந்து மேலேறி மேடைக்குள்ளேயே வந்துவிடும்; பழைய தரைக்கு மேலே உறைநிலம் வளரும். இதற்கு உதவுவது நீரின் ஒரு வினோதக் குணம். உறைந்த நீர், உறையாத நீரைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈர மண் குளிர்காலத்தில் உறைந்து வெப்பத்தை விரைவாக வெளியே தள்ளிவிடும். கோடையில் இளகியதும் வெப்பத்தை உள்ளே விடத் தயங்கும். அதனால்தான் சில இடங்களில் நிலத்தடி, மேலே வீசும் காற்றின் ஆண்டுச் சராசரியைவிடவும் குளிர்ந்திருக்கிறது. பூமியே வடக்கத்திய மண்ணுக்குக் கொடுத்த சலுகை அது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பகுதியின் காற்று வேகமாகச் சூடாகிவருவதால் அந்தச் சலுகை கரைந்துகொண்டிருக்கிறது.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. 1975 ஒப்பந்தம் வந்ததே ஜேம்ஸ் விரிகுடாவுக்குப் பாயும் லா கிராண்ட் ஆற்றில் கியூபெக் எழுப்பிய மாபெரும் நீர்மின் திட்டத்தால்தான். நுனாவிக்கின் நதியான கானியாபிஸ்காவின் மேல்பகுதியைத் திருப்பித்தான் அந்த அணைகளுக்கு நீர் சேர்த்தார்கள். அந்த மின்சாரம் தெற்கே மாண்ட்ரியலுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. நுனாவிக் ஊர்களுக்கு அந்தக் கம்பி வரவே இல்லை. ஊருக்கு ஒரு டீசல் நிலையம். அதற்கு எண்ணெய் கோடையில் கப்பலில் வர வேண்டும். வீட்டைச் சூடாக்குவதும் எண்ணெயில்தான். தண்ணீர் லாரி ஓடுவது, ஷெட் சூடாக இருப்பது, சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் சுழல்வது என்று எல்லாமே அந்தக் கப்பலை நம்பி. நதியைக் கொடுத்தவர்கள் இருட்டுக்கு அஞ்சி எண்ணெய் இருப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

நுனாவிக்கின் இனுக்ஜுவாக் ஊர் இதற்குத் தானே வழி தேடியது. ஊர் நிலத்தை வைத்திருக்கும் இனுயிட் அமைப்பு பாதிப் பங்காளியாகச் சேர்ந்து, ஊரையொட்டி ஓடும் ஆற்றில் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையத்தைக் கட்டியது. 2023-இல் அது ஓடத் தொடங்கியது. டீசல் சத்தம் அடங்கியதோடு, வீடுகளையும் மின்சாரத்தால் சூடாக்க முடிகிறது.

சாலுயிட்டில் அடுத்த வேலை வீடுகள். நுனாவிக் முழுக்க வீட்டுப் பற்றாக்குறை கடுமை. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. வீடு கேட்கிறவர்கள் பெரும்பாலும் இளம் பெற்றோர். மன்றத்துக்கு நிலம் வேண்டும். கட்டத்தக்க நிலம் பள்ளத்தாக்கில் கொஞ்சமே மிச்சம். பாறை மேல் கட்டினால் மண் சரியாது, ஆனால் லாரி ஏறுமளவு சாலை வெட்டச் செலவு கூடும். ஊர் நிலத்தில் இறக்கிய துளைகளில் வெப்பமானிக் கம்பிகள் பல ஆண்டுகளாக வெவ்வேறு ஆழங்களின் வெப்பநிலையைப் பதிவு செய்துவருகின்றன. புது மனைப்பிரிவுக்கு ஜல்லி அடிக்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு அந்தப் பதிவில் இருக்கிறது: இன்று ஒரு டிகிரியோ இரண்டு டிகிரியோ கீழே இருக்கும் இந்த மண், இன்று பிறக்கும் குழந்தைக்கு ஐம்பது வயதாகும்போது எத்தனை டிகிரியில் நிற்கும்?